அத்திவாரத்தில் நிறுத்த வேண்டியதைக் கூரை ஏறிய பின் பேசுவதா?

உள்ளூராட்சி மன்றங்களே மக்களுக்கு மிகக் கிட்டிய ஆட்சி என்று நாம் பாடசாலையில் படித்திருக்கிறோம். கொழும்பில் இருக்கும் அமைச்சைக் கிராமத்தவர் கண்ணால் காண்பதில்லை. ஆனால் பிரதேச சபையின் உழவு இயந்திரம் குப்பை அள்ள வருவதையும், சபையின் வாசிகசாலையில் பத்திரிகை கிடப்பதையும், சந்தி விளக்கு எரிவதையும் எரியாமல் விடுவதையும் அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். கிட்ட இருப்பதனாலேயே சபையின் மேல் நம்பிக்கையும் அதிகம், மனத்தாங்கலும் அதிகம்.

கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள் ஆகியவற்றின் கூட்டங்களில் முன்பெல்லாம் தெருவும் விளக்கும் குப்பையுமே பேச்சாக இருந்தன. இப்போது அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துள்ளது. "அனுமதி இல்லாமல் கட்டுகிறார்கள். சபைக்கு அறிவித்தோம். ஒன்றும் நடக்கவில்லை." ஊருக்கு ஊர் ஆட்கள் வேறு, சொல்லப்படும் கதை மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

ஒருவர் ஒழுங்கையின் இரண்டு அடியைத் தன் மதிலுக்குள் எடுத்துக்கொள்கிறார். வேறொருவர் எல்லையோடு ஒட்டிச் சுவர் எழுப்பி, தன் கூரைத் தண்ணீரை அயல் வளவுக்குள் விழவிடுகிறார். மலசலகூடக் குழி பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு அருகில் வெட்டப்படுகிறது. வயலை நிரவிக் களஞ்சியம் எழுகிறது. குடிமனைகளின் நடுவே வாகனத் திருத்தகம் தொடங்கி இரவிலும் தகரம் அடிக்கிறது. நாட்டின் பெரிய பிரச்சினைகளோடு ஒப்பிட்டால் இவை சில்லறை விடயங்களாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடிக்கும் குடும்பத்துக்கு அது சில்லறை விடயமல்ல.

இங்கே குறைவாயிருப்பது சட்டமல்ல என்பதே எமது கருத்து. காலத்தில் கிடைக்கும் பதிலே குறைவு. சபை பேசாமல் இருக்கும் ஒவ்வொரு கிழமையும் மீறியவருக்குச் சாதகமாக வழங்கப்படும் ஒரு தீர்ப்பாகும். எவரும் கையொப்பமிடாத தீர்ப்பு என்பதால் அதற்கு எதிராக மேன்முறையீடும் செய்ய முடிவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை

வெள்ளையர் காலத்திலேயே, 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. அது நடைமுறையிலுள்ள பகுதிகளில், சபைத் தலைவரின் எழுத்து மூல அனுமதி இன்றிக் கட்டடம் கட்ட முடியாது; கட்டி முடித்த பின்னும் இணக்கச் சான்றிதழ் பெறாமல் குடியேற முடியாது. அடுத்து 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் வந்தது. வர்த்தமானியில் பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளில் அச்சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்த அதிகாரத்தின் ஒரு பகுதி உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கையளிக்கப்பட்டுள்ளது. இதற்கான கட்டட விதிகள் 1986 இல் வெளியிடப்பட்டு, 2021 இல் புதுப்பிக்கப்பட்டன.

மீறினால் என்ன செய்வது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28அ பிரிவின்படி, அனுமதியின்றியோ அனுமதிக்கு மாறாகவோ வேலை தொடங்கியவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்து வேலையை நிறுத்தச் சொல்லலாம். கட்டியதை அகற்றச் சொல்லலாம். அவர் பணியாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து இடிப்பதற்கான கட்டளையைப் பெறலாம். வேலை தொடங்கிய நிலையிலேயே நிறுத்தும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

வயல் நிலத்துக்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி வயலை வேறு தேவைக்கு மாற்றுவது குற்றமாகும். சிறு கைத்தொழில்கள் சிலவற்றுக்கான சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தை வழங்கும் பொறுப்பும் உள்ளூராட்சி மன்றங்களிடம் விடப்பட்டுள்ளது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுவழிகள், மக்களின் வசதி, நலன் ஆகியவற்றைக் காப்பதே சபையின் பணி என்று கூறுகிறது.

எந்த ஊருக்கு எந்தச் சட்டம் என்பது சாதாரண மக்களுக்குத் தெரிவதில்லை என்பது உண்மைதான். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் எல்லைக்குள் உள்ள கிராமம் எது, வெளியே உள்ளது எது என்பதைச் சபை வாசலில் ஒரு வரைபடமாகத் தொங்கவிட்டாலே அரைவாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

ஒரு முறைப்பாட்டின் பயணம்

சட்டம் இருந்தும் காரியம் ஏன் நடப்பதில்லை? ஒரு முறைப்பாடு வழமையாக எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

ஒரு வெள்ள வாய்க்காலை எடுத்துக்கொள்வோம். ஒழுங்கையோரமாக வந்து, நாலைந்து வளவுகளின் பின்புறத்தால் ஓடி, குளத்தில் விழும் வாய்க்கால். அதன் குறுக்கே மதில் கட்ட ஒருவர் அத்திவாரம் வெட்டுகிறார். அயலவர் சபைக்குப் போகிறார். "எழுதித் தாங்கோ" என்கிறார்கள். எழுதிக் கொடுக்கிறார். பெற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கப்படுவதில்லை. ஒரு கிழமை கழித்துப் போய் விசாரித்தால், தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேறு வேலைத்தலத்துக்குப் போயிருக்கிறார். அடுத்த கிழமை, "அவர் வந்து பார்த்தவர், அறிக்கை எழுத வேண்டும்" என்கிறார்கள். மூன்றாம் கிழமை கோவை தவிசாளரின் மேசையில் இருக்கிறது. அதற்குள் மதில் எழுந்து, பூச்சும் பூசி, படலையும் போட்டாயிற்று.

இப்போது சபை வேறு குரலில் பேசத் தொடங்குகிறது. "இனி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அது கனகாலம் எடுக்கும். நீங்கள் அயலட்டைச் சனம். இணக்கசபைக்குப் போய்ப் பேசித் தீருங்கோ."

இணக்கசபைகளின் சேவையை நாம் குறைவாக மதிக்கவில்லை. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அச்சபைகள், எத்தனையோ வேலிச் சண்டைகளையும் கடன் தகராறுகளையும் செலவில்லாமல் தீர்த்து வைத்துள்ளன. ஆனால் வாய்க்காலை மறித்தது அயலவருக்கு மட்டும் எதிரான காரியமல்ல. அது ஊரின் வெள்ள வழியை மறித்ததாகும். அதை விசாரிக்க வேண்டிய கடமை சபையினுடையது. அறிவித்தவர் வெறும் சாட்சியே. சாட்சியை வழக்காளியாக்கி, பொது விதி மீறலை இரண்டு வீட்டுச் சண்டையாக மாற்றிவிடுவது சபை தன் கடமையிலிருந்து நழுவுவதாகும்.

முறைப்பாடு செய்தவரின் பெயரும் பெரும்பாலும் காக்கப்படுவதில்லை. காலையில் கொடுத்த கடிதத்தில் யார் கையொப்பம் இருந்தது என்பது மாலையில் சந்திக் கடையில் தெரிந்துவிடுகிறது. பிறகு இரண்டு வீடுகளுக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகிறது. நல்லது கெட்டதுக்குச் சொல்வதில்லை. அடுத்த முறை அநியாயம் நடக்கும்போது, ஊர் முழுவதும் கண்டும் காணாதது போல இருந்துவிடுகிறது. இது வாய்க்கால் மறிபடுவதைவிடப் பெரிய நட்டம் என்று நாம் கருதுகிறோம்.

ஆருக்கு இறுக்கம், ஆருக்கு இளக்கம்?

விதி எல்லோருக்கும் ஒன்றாக இறுகினால் மக்கள் முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். சிலருக்கு இறுகி, சிலருக்கு இளகுவதுதான் மனத்தை நோகடிக்கிறது. தெருவோரத்தில் நாலு தடியும் தகரமும் நட்டு அப்பம் சுடும் பெண்ணின் கொட்டிலை அகற்ற ஒரு காலை நேரம் போதுமாயிருக்கிறது. அதே தெருவில் கட்டட எல்லையை மீறி எழுந்த இரண்டு மாடிக் கடைத் தொகுதிக்கு அறிவித்தல் எழுத மாதங்கள் போதாமல் இருக்கின்றன. கொட்டிலுக்கு உறுதியும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. கடைத் தொகுதிக்கு இரண்டும் உண்டு. கொழும்பிலோ கனடாவிலோ இருந்து வரும் தொலைபேசி அழைப்பும் உண்டு.

கட்டி முடித்த பின் மேலதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டு வழங்கப்படும் அனுமதி ஒன்று இருக்கிறது. 'கவரிங் அப்ரூவல்' என்று சபைகளில் சொல்வார்கள். சிறு தவறுகளைச் சீர்செய்ய அது தேவைதான். விதிகளை அறியாமல் ஒரு அறையைக் கூட்டிக் கட்டிய ஏழைக் குடும்பத்தின் வீட்டை இடிப்பது நியாயமாகாது. ஆனால் வசதி படைத்தவர்கள் அந்தக் கட்டணத்தை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொண்டு கட்டத் தொடங்கினால் விதி என்பது விலைப்பட்டியலாகிவிடும். அனுமதி கேட்டுக் காத்திருந்தவர் ஏமாளியாவார்; கேளாமல் கட்டியவர் கெட்டிக்காரராவார்.

இந்த ஏற்றத்தாழ்வு கிராமச் சபையோடு நின்றுவிடுவதுமில்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின், கரையிலிருந்து வடக்குக் கிழக்கில் 200 மீற்றரும் ஏனைய இடங்களில் 100 மீற்றரும் கட்டக்கூடாத வலயம் என்று அறிவிக்கப்பட்டது. மீனவனுக்குக் கரையில் தடை, சுற்றுலா விடுதிக்கு விலக்கு என்ற குற்றச்சாட்டு அக்காலத்தில் பலமாக எழுந்தது. பின்னர் அத்தூரங்கள் குறைக்கப்பட்டன. எல்லோருக்கும் ஒரே கோலால் அளக்கவில்லை என்பது மக்களின் குறையாயிருந்தது.

இங்கே எமது மத நிறுவனங்களையும் விட்டுவிட முடியாது. கோவில், தேவாலயம், பள்ளிவாசல், விகாரை, பாடசாலை, சங்க மண்டபம் ஆகியவற்றின் மதில்களும் சில இடங்களில் தெருவுக்குள் நகர்ந்திருக்கின்றன. புனிதமான இடம் என்பதால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. முன்மாதிரியாக இருக்க வேண்டியவர்களே அனுமதி கேளாமல் கட்டினால், ஏழை ஒருவனின் கொட்டிலைப் பார்த்து விதி பேச எமக்கு உரிமை இல்லாமற் போகும்.

சபையின் பக்கத்து நியாயம்

சபைகளை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. அவற்றின் நிலைமையையும் பார்க்க வேண்டும். பல கிராம அலுவலர் பிரிவுகளைக் கொண்ட ஒரு பிரதேசத்தில், தெரு வேலை, மதகு வேலை, மதிப்பீடு, கட்டட அனுமதி எல்லாவற்றையும் ஓரிரு தொழில்நுட்ப உத்தியோகத்தர்களே பார்க்க வேண்டியிருக்கிறது. வழக்குப் போடுவதென்றால் சட்டத்தரணிக்குப் பணம் ஒதுக்க வேண்டும். உத்தியோகத்தர் தவணை தோறும் நீதிமன்றம் போய் நிற்க வேண்டும். அவர் அதே ஊரில்தான் குடியிருக்கிறார். பிள்ளைகளும் அதே பாடசாலையில்தான் படிக்கிறார்கள்.

யுத்தம் விட்டுச்சென்ற சுமையும் உண்டு. வடக்குக் கிழக்கில் இடம்பெயர்ந்து போய், வருடங்கள் கழித்துத் திரும்பியவர்கள் வேலியைக் காணவில்லை. பலரிடம் உறுதியும் இல்லை. சபைக் கோவைகளும் வரைபடங்களும் அழிந்துபோன இடங்கள் பல. ஒழுங்கை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதற்கு வயது போனவர்களின் ஞாபகமே சான்றாக மிஞ்சியது. வடக்கில் பல சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே நீண்டகாலம் இயங்கின. பின்னர் நாடு முழுவதற்கும் அதே நிலை வந்தது. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய் 2025 மே 6 ஆம் திகதியே நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டு வருடங்களுக்கு மேலான காலத்தில் உத்தியோகத்தர்களே சபைகளை நடத்தினர். அக்காலத்தில் கொடுத்த முறைப்பாட்டைப் பற்றி இன்று கேட்டால், "அது முந்திய காலத்து விடயம்" என்று பதில் சொல்ல இலகுவாயிருக்கிறது.

வீண் முறைப்பாடுகளும் வருகின்றன. பொறாமையாலும் பழைய காணிப் பகையாலும் எழுதப்படும் மொட்டைக் கடிதங்கள் எந்தச் சபையிலும் உண்டு. எல்லாக் கடிதத்துக்கும் ஓட முடியாது என்று உத்தியோகத்தர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்த நியாயங்கள் எல்லாம் ஒரு பக்கத்தையே காட்டி நிற்கின்றன. ஆட்கள் குறைவு, பணம் குறைவு என்றால், மலிவான கட்டத்திலேயே வேலையை நிறுத்துவது அல்லவா புத்தி? அத்திவாரம் வெட்டும்போது நிறுத்துவதற்கு ஒரு சைக்கிள் பயணமும் ஒரு கடதாசியும் போதும். கூரை ஏறிய பின் நிறுத்துவதற்கு வழக்கும் தவணைகளும் இடிப்பதற்கு இயந்திரமும் வேண்டும். காலம் தாழ்த்துவதால் சபைக்கு வேலை குறைவதில்லை, பலமடங்காகப் பெருகுகிறது.

காலதாமதம் கட்டுகிறவருக்கும் நன்மையல்ல. நகையை அடைவு வைத்து, கடன்பட்டு வீடு கட்டத் தொடங்கிய ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் வந்து, "இந்தக் குழியைப் பத்தடி தள்ளி வெட்டுங்கோ" என்று சொன்னால் அவர்கள் ஒரு நாட் கூலியோடு தப்பிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து வந்து, கட்டியதை இடி என்று சொன்னால் குடும்பமே நொடிந்துவிடும். முறைப்பாடு பொய்யானால், அதையும் மூன்றாம் நாளே எழுதி முடித்துவிடலாம். பழி சுமக்க வேண்டியதில்லை.

தண்ணீர் ஆளுக்கேற்ப வளையாது

சபை கண்ணை மூடிக்கொள்ளலாம். மாரித் தண்ணீர் மூடிக்கொள்ளாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறும், குளங்களும், கேணிகளும், அவற்றை இணைக்கும் வெள்ள வாய்க்கால்களுமே எமது முன்னோர் வைத்துவிட்டுப் போன வடிகால். அந்த வாய்க்காலில் ஒரு மதில் விழுந்தால் தண்ணீர் பக்கத்து வளவுக்குள் திரும்புகிறது. இரண்டு குளம் நிரவப்பட்டால் ஒரு குறிச்சியே மிதக்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போதும், 2024 நவம்பரிலும் வெள்ளம் வீடுகளுக்குள் வந்தது. அவ்வளவு மழைக்கு வாய்க்கால் மட்டும் பொறுப்பல்ல. ஆயினும் வந்த வெள்ளம் எத்தனை நாள் நின்றது, யாருடைய வீட்டில் நின்றது என்பதில் மறிபட்ட வாய்க்கால்களுக்குப் பங்குண்டு.

நிலத்தின் மேல் ஓடும் தண்ணீருக்குச் சொன்னது நிலத்தடித் தண்ணீருக்கும் பொருந்தும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளுக்குள்ளால் அழுக்குத் தண்ணீர் விரைவாக இறங்கிக் கிணற்றைச் சேரும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வற்புறுத்துவது இதனாலேயாகும். இரண்டு பரப்புக் காணியை நாலாகப் பிரித்து விற்கும்போது, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு குழி என்று வந்தால் அந்த 50 அடியை எங்கே தேடுவது? காணியைத் துண்டாடும் வரைபடம் அங்கீகாரத்துக்கு வரும் நாளே சபை பேச வேண்டிய நாள். கிணற்றுத் தண்ணீர் மணக்கத் தொடங்கிய பின் பேசிப் பயனில்லை.

மலையகத்தில் நிலமே நகர்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில், கட்டட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை பெறப்பட வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் அறைகள் மண்ணுள் புதைந்தன. அங்கே மக்கள் விதியை மீறிக் கட்டவில்லை. தோட்டம் கொடுத்த அறைகளில் இருந்தவர்கள் அவர்கள். ஆனால் அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் விடுக்கப்பட்டிருந்தது. கடதாசியில் இருந்த எச்சரிக்கை காலத்தில் செயலாக மாறவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளமும் மண்சரிவும் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றன. சரிவில் மண் வெட்டுவதையும் ஆற்றோரத்தை நிரப்புவதையும் பற்றி வரும் ஒரு முறைப்பாட்டை, மேசையில் கிடக்கும் இன்னொரு கடதாசி என்று எண்ண இனி எவருக்கும் உரிமை இல்லை.

சபையிடம் நாம் கேட்பவை

பெரிய சட்டத்திருத்தம் எதையும் நாம் கேட்கவில்லை. இருக்கும் சட்டத்துக்குள் ஒரு சபை தீர்மானம் நிறைவேற்றினாலே செய்யக்கூடியவை சில.

முதலாவது, முறைப்பாட்டுக்கு இலக்கமும் திகதியும் இட்ட பற்றுத்துண்டு கொடுக்க வேண்டும். இரண்டாவது, வேலை நடந்துகொண்டிருக்கும் இடமென்றால் மூன்று வேலை நாட்களுக்குள் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். மீறல் கண்டால் அன்றே நிறுத்தும் அறிவித்தல் கொடுக்க ஒழுங்கு செய்ய வேண்டும். மீறல் இல்லையென்றால், இல்லை என்று இரு பகுதிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு பதிவேடு. முறைப்பாட்டு இலக்கம், இடம், விடயம், பார்வையிட்ட திகதி, எடுத்த நடவடிக்கை ஆகிய ஐந்து நிரல்கள் போதும். முறைப்பாடு செய்தவரின் பெயர் வேண்டாம். அதைச் சபை வாசிகசாலையில் எவரும் பார்க்க வைக்க வேண்டும். கொட்டிலுக்கு எத்தனை நாள், மாடிக்கு எத்தனை நாள் என்பதை அப்போது ஊரே எண்ணிப் பார்க்கும். பாரபட்சம் இருட்டில்தான் வளரும்.

நான்காவது, கட்டிய பின் வழங்கும் அனுமதிக்கு எல்லை வகுக்க வேண்டும். பொது ஒழுங்கை, வெள்ள வாய்க்கால், குளம், வயல், அயலவர் கிணறு ஆகியவற்றைப் பாதிக்கும் எதற்கும் பின் அனுமதி இல்லை என்று சபை தீர்மானிக்கட்டும். ஏனையவற்றுக்கு வழங்கினால் காரணத்தை எழுதிப் பதிவேட்டில் சேர்க்கட்டும். ஐந்தாவது, அனுமதி பெற்ற கட்டட வேலைத்தலத்தில் அனுமதி இலக்கத்தை ஒரு பலகையில் எழுதி வைக்கச் செய்யட்டும். பலகை இல்லாத இடம் எது என்பதை ஊர்ப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஆறாவது, ஏழைகளுக்கு உதவி. படம் கீறுபவருக்குக் கொடுக்கப் பணம் இல்லாததாலேயே பலர் அனுமதி கேளாமல் கட்டுகிறார்கள். சிறிய வீட்டுக்கான இரண்டு மூன்று மாதிரிப் படங்களைச் சபையே ஆயத்தம் செய்து குறைந்த விலையில் கொடுக்கலாம். மாதத்தில் ஒரு நாள் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஒன்றாக இருந்து ஆலோசனை சொல்லலாம். விதியைக் கடைப்பிடிக்க வழி காட்டிய பின்பே, மீறியவரைத் தண்டிக்கும் தார்மீக உரிமை சபைக்கு வரும்.

எம்மிடம் நாமே கேட்க வேண்டியவை

மக்களாகிய எமக்கும் கடமை உண்டு. வாயால் சொல்லிவிட்டு வருவது முறைப்பாடாகாது. எழுத வேண்டும், திகதி இட வேண்டும், பிரதி வைத்திருக்க வேண்டும். பற்றுத்துண்டு கொடுக்காவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அத்திவாரம் வெட்டும் நாளிலேயே கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் பிற்காலத்தில் அது பேசும். ஆளைப் பற்றி எழுதாமல் செயலைப் பற்றி எழுத வேண்டும். "இன்னார் அநியாயக்காரர்" என்பதில் பயனில்லை. "இந்த ஒழுங்கையின் அகலம் 12 அடி, இப்போது 9 அடி" என்பதை எவராலும் மறுக்க முடியாது.

தனி ஆளாகப் போவதிலும் பார்க்கச் சங்கமாகப் போவது நல்லது. சனசமூக நிலையமோ கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ எழுதினால் ஒரு வீட்டின் மேல் பகை விழாது. பிரதேச சபைகள் சட்டம், சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது. சுற்றாடல், தொழில்நுட்ப சேவைகள் போன்ற குழுக்களில் எமது சங்கங்களின் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்போம். இல்லையென்றால் சேர்க்கச் சொல்வோம்.

பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் எம் கையில் இருக்கிறது. ஒவ்வொரு சபையிலும் ஒரு தகவல் உத்தியோகத்தர் உண்டு. "இந்தத் திகதியில் கொடுத்த முறைப்பாட்டின் மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது? அறிக்கையின் பிரதி தருக. அந்தக் கட்டடத்துக்கு அனுமதி இருந்தால் அதன் இலக்கமும் திகதியும் தருக" என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவு கூறப்பட வேண்டும். கிடைக்காவிட்டால் சபையின் மேன்முறையீட்டு உத்தியோகத்தருக்கும், பின்னர் தகவல் ஆணைக்குழுவுக்கும் போகலாம். மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கு எழுதலாம். அதற்கும் அப்பால், சபையைக் கடமை செய்யப் பணிக்குமாறு மாகாண மேல் நீதிமன்றத்திடம் பேராணை கேட்கும் வழியும் உண்டு. அது செலவுள்ள வழி. அதற்கு முன் உள்ள படிகளில் ஏறிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, நாம் கட்டும் வீட்டுக்கும் மதிலுக்கும் மண்டபத்துக்கும் நாமே அனுமதி பெறுவோம். எமது வளவின் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்பதை நேர்மையாகப் பார்ப்போம்.

2025 மே மாதம் தெரிவான சபைகளில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஓர் உறுப்பினர் இருக்கிறார். தெருவுக்குத் தார் போட்டுத் தாருங்கள், விளக்குப் பூட்டித் தாருங்கள் என்று அவரிடம் கேட்கிறோம். அத்தோடு இன்னொன்றையும் கேட்போம்: முறைப்பாட்டுக்கு ஒரு பற்றுத்துண்டு, மூன்று நாளில் ஒரு பார்வை, வாசிகசாலையில் ஒரு பதிவேடு. இவற்றுக்குத் தாரும் வேண்டாம், கல்லும் வேண்டாம். அடுத்த சபைக் கூட்டத்தில் ஒரு பிரேரணை கொண்டுவந்தாற் போதும். கொண்டுவருவாரா என்பதை அடுத்த மாரிக்கு முன் ஒவ்வொரு சங்கமும் தன் வட்டார உறுப்பினரிடம் எழுத்தில் கேட்கட்டும்.